இப்போதைக்கு ஓட்டிக்கலாம் சார்!

தமிழ்நாட்டில் பழைய கார் வைத்திருக்கும் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இந்த வசனம் தெரியும். ஒர்க்‌ஷாப் வாசலில் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே மெக்கானிக் சொல்வார்: "இப்போதைக்கு டைரக்ட் குடுத்திருக்கேன். ஓட்டிக்கலாம் சார்." சாருக்கும் சந்தோஷம். ஆயிரத்து ஐநூறு ஆகும் என்று பயந்துகொண்டே வந்த வேலை இருநூறு ரூபாயில் முடிந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் போய்விடுகிறார். சரி, அந்த "இப்போதைக்கு" எப்போது முடியும்? பெரும்பாலான வீடுகளில் அது முடிவதே இல்லை. வண்டி முடிகிற வரைக்கும் கூடவே வருகிறது. சில சமயம் வண்டியை முடித்தும் வைக்கிறது.

மாருதி 800ஐயே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளியே வந்தது, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. முப்பது வருடம் ஓடிய மாடல், எத்தனையோ அப்பாக்களின் முதல் கார். இன்றைக்கும் சின்ன ஊர்களில் வீட்டு வாசலில் கவர் போட்டு நிற்கிறது. அப்படி ஒரு வண்டியின் பானெட்டைத் தூக்கினால் உள்ளே ஒரு மியூசியமே இருக்கும். ரேடியேட்டர் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் காய்ந்துபோன எம்-சீல். ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேராக இழுத்த சிவப்பு வயர். பெட்ரோல் ஹோஸ் இருக்க வேண்டிய இடத்தில் மீன் தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் டியூப். ஏர் ஃபில்டர் மூடியை இறுக்கிப் பிடித்திருக்கும் சைக்கிள் டியூப் ரப்பர். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தால் சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள். கீழே குனிந்து பார்த்தால் சைலன்ஸரைத் தாங்கும் கட்டுக்கம்பி, அதாவது சென்ட்ரிங் வேலைக்குக் கட்டுவதே, அதேதான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. "இது திருப்பதி போனப்ப ராத்திரி ரெண்டு மணிக்குப் போட்டது", "இது உங்க சித்தி கல்யாணத்துக்கு முந்தின நாள்". அப்பாக்கள் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். அந்தப் பெருமையோடுதான் சண்டை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அவசரத்துக்குச் செய்யும் ஒட்டு வேலையை யாரும் குறை சொல்லவில்லை. ராத்திரி நேரம், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, பெட்ரோல் டேங்க் கசிகிறது. கடை எதுவும் இல்லை. பார் சோப்பை எடுத்துக் கசியும் இடத்தில் அழுத்தித் தேய்க்கிறார் ஒரு லாரி டிரைவர், கசிவு நிற்கிறது. சோப்பு பெட்ரோலில் சுலபமாகக் கரையாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். அதேபோல ரேடியேட்டரில் பொடி ஓட்டை விழுந்தால் மஞ்சள் தூளைக் கொட்டுவார்கள். தண்ணீரில் ஊறி உப்பிப்போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் படிக்காத மேதைகளின் வேலை, கையெடுத்துக் கும்பிடலாம். அதற்கு இருக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: வண்டியையும் உள்ளே இருப்பவர்களையும் அடுத்த ஒர்க்‌ஷாப் வரை கொண்டு சேர்ப்பது. சேர்த்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

சேர்த்த பிறகும் அதைக் கழற்றாமல் மூன்று மாதம், மூன்று வருடம் என்று ஓட்டுவதுதான் பிரச்சனை. ஓட்டையை அடைத்த அதே மஞ்சள் தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அதற்கு எது ஓட்டை, எது வழி என்று தெரியுமா என்ன?

ஃபியூஸிலிருந்து ஆரம்பிக்கலாம். ஏனென்றால் காரில் இருப்பதிலேயே மலிவான பொருள் அது, அதில் நடக்கும் அநியாயம்தான் பெரிது. ஹெட்லைட் பல்பு ஒன்று 55 வாட், இரண்டும் சேர்த்து 110 வாட். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் ஒன்பது ஆம்பியர் சொச்சம். அதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் போதும், அதற்கு ஏற்ற கனத்தில்தான் வயரும் இருக்கும். எங்காவது வயர் உரசி, தோல் உரிந்து, பாடியில் தொட்டுவிட்டால் கரண்ட் எகிறும், ஃபியூஸ் எரிந்து அறுந்துவிடும். அதாவது வயருக்கு முன்னால் தான் சாக வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது.

இப்போது அடிக்கடி ஃபியூஸ் போகிறது. ஏன் போகிறது என்று தேடினால் அரை நாள் வேலை. டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். அதற்குப் பதிலாக வீட்டு வயரிலிருந்து நாலைந்து செம்பு இழையை உருவிச் சொருகிவிடுகிறார்கள். தலைமுடி போல இருந்தாலும் ஐந்து இழை சேர்ந்தால் முப்பது ஆம்பியரைக்கூட அசராமல் தாங்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இது பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோன அதே ஜூல் விதி. 800ல் இருக்கும் சின்ன பேட்டரிகூட ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஃபியூஸ் அறுபடாது என்றால் அறுபட வேண்டிய வேலை வயருக்கு வந்துவிடும். அந்த வயர் தனியாகவும் போகவில்லை. இருபது முப்பது வயரோடு கட்டாகக் கட்டி, டேஷ்போர்டுக்குப் பின்னால், முன் சீட்டில் இருப்பவர் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் போகிறது. ஓடும் வண்டியில் டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது என்று பேப்பரில் படிக்கும்போது இந்த வெள்ளித்தாளும் ஞாபகத்துக்கு வரட்டும்.

ஒரு பிளேடு ஃபியூஸ் என்ன விலை? ஒரு டீ விலை.

அடுத்து தெர்மோஸ்டாட். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார், குளிர் நாட்டுக்காரன் வச்சது" என்று கழற்றி எறிவது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அது ஹீட்டர் கிடையாது. என்ஜின் தண்ணீர் 80 டிகிரியை ஒட்டிய சூட்டுக்கு வரும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருந்து, பிறகு திறந்துவிடும் ஒரு வால்வு. அந்தச் சூட்டில்தான் பெட்ரோல் ஒழுங்காக ஆவியாகும், ஆயில் சரியான பதத்தில் இருக்கும். சென்னை வெயில் நாற்பது டிகிரி என்றாலும் என்ஜினுக்கு அது குளிர்தான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் பைபாஸில் வேகமாகப் போகும்போது என்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும்.

இதைவிட முக்கியம், ஏன் கழற்றினார்கள் என்பது. வண்டி சூடானது என்பதால்தான். ஏன் சூடானது? பாதி அடைத்துப்போன ரேடியேட்டராக இருக்கலாம். அழுத்தத்தைப் பிடித்து வைக்காத ரேடியேட்டர் மூடியாக இருக்கலாம். (அந்த மூடி சாதாரண மூடி இல்லை. சுமார் 0.9 கிலோ அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 118 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. ரப்பர் போன மூடியை வைத்துக்கொண்டு என்ஜினைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.) காரணத்தைத் தொடாமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அதுவும் போதாமல் ஃபேனை டைரக்ட் கொடுத்து, அது எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும்படி செய்தாகிவிட்டது. ஓய்வே இல்லாமல் சுற்றிய மோட்டார் சீக்கிரமே தேய்ந்து, ஒருநாள் சத்தமில்லாமல் நிற்கும். அன்றைக்கு கும்பகோணம் போகும் வழியில் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருப்பார்கள். 800 என்ஜினில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் கூடுதலாக விரியும், ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். சில நூறு ரூபாய் சாமானை மிச்சம் பிடித்தது ஆயிரக்கணக்கில் ஹெட் வேலையாக வந்து நிற்கும்.

இதுவரை சொன்னதில் சிலது பணத்தோடு போகும். பிரேக் அப்படிப் போகாது.

பின்சக்கரத்தில் வீல் சிலிண்டர் கசிகிறது. ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் கிடைக்காது. அந்தச் சக்கரத்துக்குப் போகும் பைப்பை மட்டும் மடக்கி நசுக்கியோ, உள்ளே ஒரு ஸ்க்ரூ வைத்தோ அடைத்துவிடுகிறார்கள். பிரேக் ஆயில் கசிவது நின்றுவிட்டது, பெடலும் கெட்டியாக இருக்கிறது. ஊருக்குள் நாற்பதில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஏனென்றால் பிரேக் அடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் பெரும்பங்கு வேலையை முன்சக்கரங்களே செய்துவிடும். "பாத்தியா, ஒண்ணும் ஆகலை" என்கிறார் அப்பா.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 800ன் எடை ஏறக்குறைய 650 கிலோ. சராசரி 65 கிலோ என்று வைத்து ஐந்து பெரியவர்கள் ஏறினால் 325 கிலோ. வண்டி எடையில் பாதி! அதில் மூன்று பேர் பின்சீட்டில். டிக்கியில் அரிசி மூட்டை, மேலே கேரியரில் பெட்டி வேறு. அதாவது தனியாக ஆபீஸ் போகும்போது அவ்வளவாகத் தேவைப்படாத பின்பிரேக், குடும்பத்தோடு போகும்போதுதான் முழுசாகத் தேவைப்படுகிறது. மழை, ஜி.எஸ்.டி. ரோடு, முன்னால் போகும் பஸ் திடீரென்று நிற்கிறது. அழுத்தி மிதிக்கும் அந்த ஒரு நொடியில் ஒரு பின்சக்கரம் பிடிக்கிறது, இன்னொன்று உருள்கிறது. வண்டி ஒரு பக்கமாகத் திரும்பும். டெஸ்ட் டிரைவில் தெரியாதது அங்கே தெரியும்.

பிரேக் ஆயில் விஷயமும் இப்படித்தான். கடையில் இல்லை என்று வேறு ஏதோ ஆயிலை ஊற்றுவது ஒரு ரகம். மினரல் ஆயில் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊறி உப்பிவிடும், மொத்த சிஸ்டத்தையும் மாற்ற வேண்டியதுதான். இன்னொரு ரகம், குறைய குறைய மேலே ஊற்றிக்கொண்டே பத்து வருடம் பழைய ஆயிலிலேயே ஓட்டுவது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான். டாட் 3 தரத்தில் புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த விதி 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொல்லிமலையில் எழுபது ஹேர்பின் வளைவு இறங்குகிற வண்டிக்கு இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கொதித்தால் உள்ளே ஆவி, மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும்.

ஆயுத பூஜை அன்றைக்கு இதே வண்டிக்குச் சந்தனம், குங்குமம், பூ மாலை எல்லாம் வைத்து நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். நான்கு சக்கரத்தில் மூன்றுக்குத்தான் பிரேக் இருக்கிறது என்பது எலுமிச்சம்பழத்துக்குத் தெரியாது.

சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா கம்பெனி 1962ல் ஆரம்பித்தது. பிரேக் சாமானுக்குப் பெயர் போன ஊர் இது. ஜி.பி. ரோட்டில் வரிசையாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை, பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை. இப்படிப்பட்ட மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு பிரேக் பைப்புக்குள் ஸ்க்ரூ வைத்து ஓட்டுவதற்கு என்ன பெயர் வைப்பது?

பெட்ரோல் டியூப் சமாச்சாரம் முன்பைவிட இப்போது மோசம். மீன் தொட்டி டியூப் பெட்ரோலில் ஊறினால் விறைத்துப்போய் விரிசல் விடும், என்ஜின் சூட்டுக்கு இளகி கிளிப்பிலிருந்து நழுவும். இது எப்போதுமே உள்ளது. புதிதாக வந்தது எத்தனால். 2025ல் இந்தியா பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டிவிட்டது. பழைய வண்டிகளில் நீண்ட நாள் ஓட்டத்துக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று அதே வருடம் பெட்ரோலியத் துறை அமைச்சகமே சொன்னது. கம்பெனி ஹோஸுக்கே இந்தக் கதி என்றால் மீன் தொட்டி டியூபைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, எழும்பிப் போய்விடாது, கீழே தேங்கும். பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டரோ, வெள்ளித்தாள் ஃபியூஸ் போட்ட வயரோ ஒரு பொறி கொடுத்தால் போதும். ஒட்டு வேலைகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொள்ளும் இடம் இது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் "சின்ன விஷயம்"தான்.

டயருக்குள் பழைய டயர் துண்டை வைத்து ஓட்டுவதைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. கூடாது, அவ்வளவுதான்.

இனி ஓட்டிக்கலாம் கட்சிக்காரர்களின் வாதங்களுக்கு வரலாம். கட்சியின் முதல் கொள்கை: "ரெண்டு வருஷமா ஓடுதே, ஒண்ணும் ஆகலையே?" ஒன்றும் ஆகாமல் ஓடியதால் அது பலமானது என்று அர்த்தமா? 1978ல் ஜப்பானில் ஒரு 747 விமானம் இறங்கும்போது வால் தரையில் இடித்தது. பின்பக்கத்தில் காற்றழுத்தத்தைத் தாங்கும் சுவரைப் பழுது பார்த்தார்கள். இணைப்புத் தகட்டை முறைப்படி ஒரே துண்டாக வைக்காமல் வெட்டி வைத்ததில், இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய சுமையை ஒரே வரிசை தாங்கியது. விமானம் பறந்தது. ஆயிரக்கணக்கான தடவை பறந்தது. ஏழு வருடம் ஒன்றும் ஆகவில்லை. 1985 ஆகஸ்ட் 12ஆம் தேதி அந்தச் சுவர் பிய்த்துக்கொண்டது, 520 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய நாள் வரைக்கும் "ஓடுதே" என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு பயணத்திலும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். காரும் விமானமும் ஒன்றா என்று கேட்பவர்களுக்கு: உலோகம் களைப்படைவதும் ரப்பர் விரிசல் விடுவதும் தரையிலும் நடக்கும்.

இரண்டாவது கொள்கை, நாட்டுப் பெருமை. ஒப்பேத்துவது இந்தியாவின் தனித்திறமை, வெள்ளைக்காரனே வியக்கிறான் என்பது. வட இந்தியாவில் இதற்கு ஜுகாட் என்று பெயர். 2012ல் அதை வைத்து 'ஜுகாட் இன்னோவேஷன்' என்று ஒரு மேனேஜ்மென்ட் புத்தகமே வந்துவிட்டது. அதற்கப்புறம் கோட்டு சூட்டு போட்டவர்களும் மேடையில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பழைய மொபெட் என்ஜினைப் பூட்டிய மீன்பாடி வண்டியைப் பார்த்து மெய்சிலிர்ப்பவர் யாரும் அதில் தன் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்புவதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கட்சிக்காரர்கள் கடைசியில் எடுத்து வீசும் அஸ்திரம் அப்பல்லோ 13. 1970 ஏப்ரலில் நிலவுக்குப் போகும் வழியில் ஆக்சிஜன் டேங்க் வெடித்தது. கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சதுர டப்பாவை, வட்ட டப்பாவுக்கான இடத்தில் பிளாஸ்டிக் பை, அட்டை, டேப் எல்லாம் வைத்துப் பொருத்தி மூன்று பேரும் உயிரோடு திரும்பினார்கள். "நாசாவே டேப் ஒட்டித்தான் ஓட்டினான்" என்பார்கள். உண்மைதான். பூமிக்கு வந்து சேரும் வரை ஓட்டினான். 1971 ஜனவரியில் அப்பல்லோ 14 கிளம்பும்போது ஆக்சிஜன் டேங்கின் டிசைனையே மாற்றி, உபரியாக ஒரு டேங்கும் சேர்த்திருந்தார்கள்.

டேங்க் ஏன் வெடித்தது என்ற பாதிக் கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்த டேங்கின் உள்ளே இருந்த ஹீட்டர் ஸ்விட்சுகள் 28 வோல்ட்டுக்கானவை. ஏவுதளத்தில் கொடுத்ததோ 65 வோல்ட். ஸ்விட்சை மாற்றவே இல்லை. ஏவுவதற்கு முந்தைய சோதனையில் அந்த டேங்க் வழக்கமான முறையில் காலியாகவில்லை, உள்ளே குழாய் சரியாக உட்காரவில்லை. டேங்கை மாற்றினால் தாமதமாகும். ஹீட்டரைப் போட்டு உள்ளே இருப்பதை ஆவியாக்கி வெளியேற்றிவிடலாம் என்று முடிவெடுத்து மணிக்கணக்கில் ஹீட்டரை ஓட விட்டார்கள். ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டது, உள்ளே சூடு எக்கச்சக்கமாக ஏறி வயரின் உறை வெந்துபோனது. மானியில் அந்தச் சூட்டைக் காட்டுவதற்கு இடமே இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. டேங்க் காலியானது, எல்லோருக்கும் திருப்தி. அதாவது அப்பல்லோ 13 வெடித்ததே ஒரு "இப்போதைக்கு ஓட்டிக்கலாம் சார்" வேலையால்தான். இதைச் சொன்னால் கட்சிக்காரர்கள் பேச்சை மாற்றி மைலேஜைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

மூன்றாவது வாதம்தான் உண்மையானது, மற்றதெல்லாம் அதற்குப் போட்ட வேஷம். பணம். "வண்டி வித்தா நாப்பதாயிரம் வராது, அதுக்கு இருபதாயிரம் செலவு பண்ணவா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்." பழமொழி நல்ல பழமொழிதான், பொருத்தும் இடம் தப்பு. பிரேக்குக்குக் கொடுக்கும் பணம் வண்டிக்கான செலவே கிடையாது. வண்டி பழசாகி விலை குறைந்தது போலவே பின்சீட்டில் இருக்கும் பாட்டிக்கும் தங்கச்சிக்கும் விலை குறைந்துவிட்டதா? புது கார் என்றால் நான்கு பிரேக், பழைய 800 என்றால் மூன்று போதும் என்று யார் கணக்குப் போட்டது?

கையில் காசே இல்லாத வீடுகள் உண்டு. மாதக் கடைசியில் கேஸ் சிலிண்டரா, வண்டிச் செலவா என்று யோசிக்கும் வீட்டுக்காரரைப் பார்த்துப் பாடம் நடத்தும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் இந்த ஒட்டு வேலை வண்டிகளை உற்றுப் பார்த்தால் பல நேரம் வேறு ஒன்று தெரியும். புது சீட் கவர் இருக்கும். கண்ணைக் கூசவைக்கும் எல்.இ.டி. பல்பு இருக்கும், அதற்கும் ஃபியூஸ் இல்லாமல் தனி வயர். மொபைல் மாட்டும் ஸ்டாண்டு, டிக்கி அதிரும் ஸ்பீக்கர். இரண்டாயிரம் மூவாயிரம் என்று வெளியே தெரிகிற இடத்துக்கெல்லாம் பணம் போயிருக்கும். வீல் சிலிண்டர் வெளியே தெரியாது, பிள்ளைகளின் ஃப்ரெண்ட்ஸ் ஏறிப் பார்த்து "சூப்பர்" என்று சொல்ல மாட்டார்கள். அதுதான் அதன் பாவம்.

"எப்படியும் அடுத்த வருஷம் வண்டியை மாத்தப்போறோம், இதுக்கு எதுக்குச் செலவு" என்ற பேச்சும் இதோடு சேர்ந்தது. அந்த அடுத்த வருஷம் அக்கா படிப்பு, அதற்கடுத்த வருஷம் வீட்டு மராமத்து, அப்புறம் அம்மாவுக்கு ஆபரேஷன். வண்டி அதேதான். விற்கப்போகும் வண்டி என்று நினைத்துக்கொண்டே எட்டு வருடம் ஓட்டிய குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கும். கடைசியில் ஒருநாள் உண்மையாகவே விற்கும்போது என்ன நடக்கிறது? கம்பவுண்டிங் போட்டு பாலீஷ் அடித்து, "ஃபேமிலி யூஸ் சார், ஒரே கை" என்று சொல்லி, அடைத்த பிரேக் பைப்பைப் பற்றி வாயே திறக்காமல் இன்னொரு குடும்பத்தின் கையில் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். தன் வீட்டார் உயிரோடு விளையாடுவது அறியாமை என்றே வைத்துக்கொண்டாலும், தெரிந்தே இதை மறைத்து விற்பதற்கு அந்தச் சலுகை கிடையாது.

மெக்கானிக் மேல் முழுப் பழியையும் போடுவதும் சரியில்லை. அவர் முதலில் சரியான வழியைத்தான் சொல்லியிருப்பார்: "சிலிண்டர் மாத்தணும் சார், ரெண்டு பக்கமும் மாத்திட்டா நல்லது." உடனே இவர், "ஏம்ப்பா, வேற வழி ஏதாச்சும் பாரேன், நீ பெரிய ஆளாச்சே" என்று ஐஸ் வைத்திருப்பார். பேரம் பேசிப் பேசி ஒட்டு வேலைக்கு இறக்கியது வாடிக்கையாளர்தான். மெக்கானிக் செய்யும் தப்பு ஒன்று உண்டு, எதைச் செய்தேன் என்று எழுதிக் கொடுப்பதில்லை. பில்லில் "பிரேக் ஒர்க் - 300" என்று மட்டும் இருக்கும், பல நேரம் பில்லே இருக்காது. ஆறு மாதம் கழித்து வேறு ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் தம்பிக்கு அந்தப் பைப்பின் உள்ளே ஸ்க்ரூ இருப்பது எப்படித் தெரியும்? டைரக்ட் கொடுத்த வயரில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, தேதியையும் "தற்காலிகம்" என்ற வார்த்தையையும் எழுதினால் ஒரு நிமிடம்கூட ஆகாது. பானெட்டைத் தூக்கும்போதெல்லாம் அந்தத் தேதி உறுத்தும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ பழைய வண்டியை எல்லாம் நசுக்கிவிடலாம்" என்று கிளம்புகிறவர்களும் உண்டு. அது இதைவிட மோசமான சோம்பேறித்தனம். பதினைந்து வருடம் முடிந்த சொந்தக் காருக்கு ஐந்து ஐந்து வருடமாக ஆர்.சி. புதுப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. கட்டணம்தான் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக ஏறியது, அதற்குப் பிறகு இருபது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு இன்னும் ஏற்றினார்கள். அவ்வளவு கட்டி வண்டியை வைத்துக்கொள்கிறவர் அதில் ஒரு பங்கைப் பிரேக்குக்குக் கொடுக்க மாட்டாரா? 800 மாதிரி லட்சக்கணக்கில் விற்ற வண்டிக்குத் தேடினால் சாமான் கிடைக்கும், பிரித்து மாட்டத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. பழைய கார் ஓட்டுவதில் எந்தத் தப்பும் இல்லை. கட்டுக்கம்பியையும் வெள்ளித்தாளையும் நம்பி ஓட்டுவதுதான் தப்பு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நிறுத்துகிற சாமான் முதலில்: பிரேக், டயர். பிறகு எரிகிற சாமான்: பெட்ரோல் ஹோஸ், ஃபியூஸ், டைரக்ட் வயர். அதற்கப்புறம் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன். சைலன்ஸர் கட்டுக்கம்பி இன்னும் ஒரு மாதம் சத்தம் போட்டுக்கொண்டு இருக்கட்டும், பரவாயில்லை. தீபாவளி போனஸ் வந்ததும் ஒரு சனிக்கிழமை வண்டியை விட்டுவிட்டு, பின்சக்கரம் இரண்டுக்கும் வீல் சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் புது ஆயில் என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம். சீட் கவரைப் பொங்கலுக்கு வாங்கிக்கொள்ளலாம்.